பேசினா 'மய'... பாடினா 'மழை'! மைக் பிடிச்சதும் நம்ம உச்சரிப்பு ஏன் மாறுது?

உங்க போன்ல வாய்ஸ் ரெக்கார்டரை ஆன் பண்ணுங்க. 'நேத்து மழை வந்து நின்னு போச்சு' என்று வீட்டில் அம்மாவிடம் சொல்வதுபோலச் சொல்லுங்க. அடுத்து, அதே வரியை ஏதாவது ஒரு மெலடி மெட்டில் மெதுவாக இழுத்துப் பாடுங்க. இப்போ ரெண்டையும் போட்டுக் கேளுங்க.

பேசியதில் 'வந்து'வின் கடைசி 'து' பாதியிலேயே அமுங்கிப் போயிருக்கும். பாடியதில் அதே 'து' உதட்டைக் குவித்துக்கொண்டு முழுசாக வந்து நிற்கும். பேசும்போது 'மய' என்றோ 'மள' என்றோ சொன்னவர்கள்கூட, பாடும்போது நாக்கை மடித்து 'மழை' என்று பாடியிருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. யாரும் திருத்தலை. யாரும் பார்க்கக்கூட இல்லை. ஆனாலும் மாறிடுச்சு.

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது இன்னும் பளிச்சென்று தெரியும். பேச்சில் 'இருக்கிறது' என்பது 'கீது', 'போய்விட்டான்' என்பது 'பூட்டான்', 'இழுத்துக்கொண்டு' என்பது 'இஸ்துகினு'. ஆனால், அதே தெருவில் காதுகுத்து விசேஷத்துக்கு லைட் மியூசிக் மேடை போட்டால், அங்கே பாடும் பையன் இளையராஜா பாட்டைச் சுத்தமான சினிமாத் தமிழில் பாடுவான். ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பாடகர் குழுவில் நின்றால் இன்னும் ஒரு படி மேலே போய், வேதாகமத் தமிழில் பாடுவான். ராத்திரி நண்பர்களோடு உட்கார்ந்து கானா பாடினால் 'கீது'வும் 'பூட்டான்'னும் திரும்பி வந்துவிடும். ஒரே ஆள், ஒரே வாய். உச்சரிப்பு மட்டும் மூணு.

இது நடிப்பா? பெரும்பாலும் இல்லை. கொஞ்சம் உடம்பு செய்கிற வேலை. மீதி, 'பாட்டுன்னா இப்படித்தான்' என்று நம் காது சின்ன வயசிலிருந்தே சேர்த்து வைத்திருக்கிற பழக்கம்.

ஊர் ராகத்தை அழிக்கும் பாட்டு ராகம்

முதலில் உடம்புக் கணக்கு. ஒருத்தர் எந்த ஊர்க்காரர் என்று நாம் எப்படிக் கண்டுபிடிக்கிறோம்? எழுத்துகளை வைத்து மட்டும் இல்லை. 'கோயம்புத்தூர்க்காரங்க பேச்சுல ஒரு ராகம் இருக்கும்', 'மதுரைக்காரங்க இழுத்துப் பேசுவாங்க' என்கிறோமே, அந்த ஏற்ற இறக்கமும் வேகமும்தான் பாதி அடையாளம். வடசென்னைப் பேச்சின் படபடப்பும் அப்படித்தான். இன்னா என்று ஆரம்பிக்கிற வேகத்திலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

பாட ஆரம்பித்ததும் அந்த ரெண்டும் உங்கள் கையில் இல்லை. எந்த எழுத்து மேலே போகணும், எது கீழே இறங்கணும் என்பதை மெட்டு தீர்மானிக்கிறது. எது எவ்வளவு நேரம் நிற்கணும் என்பதைத் தாளம் தீர்மானிக்கிறது. ஊர் ராகத்தின் மேல் பாட்டு ராகம் ஏறி உட்கார்ந்துவிடுகிறது. உலகத்தில் எந்த மொழியாக இருந்தாலும் பாடும்போது வட்டார வாடை குறைவதற்கு முதல் காரணம் இதுதான்.

தமிழுக்கு என்று தனியாக ஒரு சமாச்சாரமும் இருக்கு. பள்ளிக்கூடத்தில் குற்றியலுகரம் படித்தது ஞாபகம் இருக்கா? பரீட்சையில் 2 மார்க்குக்கு மனப்பாடம் பண்ணி மறந்த அதே ஆள்தான். 'வந்து', 'பாட்டு', 'காசு' இவற்றின் கடைசி உகரத்துக்கு ஒரு மாத்திரை கிடையாது, அரை மாத்திரைதான் என்கிறது இலக்கணம். பேச்சில் அது சரியாக இருக்கும். ஆனால், மெட்டு அந்த இடத்தில் ஒரு நீளமான ஸ்வரத்தை வைத்துவிட்டால், அரை மாத்திரையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அமுங்கிய 'உ'வை இழுக்க முடியாது. இழுத்தால் உதடு குவிந்து முழு 'உ' ஆகிவிடும். அந்த நொடியே அது பேச்சுத் தமிழ் இல்லை.

கடைசி 'ம்'முக்கும் இதே கதி. பேசும்போது 'மரம்' என்று வாயை மூடி யாரும் முடிப்பதில்லை. மூக்கில் லேசாக ஒரு ஒலி வந்து நின்றுவிடும். பாடும்போது 'ம்' மேல் ஸ்வரம் விழுந்தால் வாயை மூடியே ஆகணும். உடனே அது எழுத்துத் தமிழாகக் கேட்கும். இசையில் எழுத்துகள் தங்கள் அளவைத் தாண்டி நீளும், மெய்யெழுத்தின் ஒலிகூட நீளும் என்பதைத் தொல்காப்பியமே எழுத்ததிகாரத்தில் குறித்து வைத்திருக்கிறது. ஆட்டோ டியூன் காலத்துப் பிரச்னை இல்லை இது.

உயரமான ஸ்தாயிக்குப் போகும்போது இன்னொரு கூத்து நடக்கும். 'இ', 'உ' மாதிரி எழுத்துகளுக்கு வாய் குறுகலாக இருக்கணும். ஆனால், உச்சத்தில் சத்தம் நிரம்பி வர வேண்டுமானால் தாடையைத் திறந்தாகணும். அதனால் மேலே போகப் போக எல்லா உயிரெழுத்தும் 'ஆ' பக்கம் நகரும். மேற்கத்திய ஆபராவில் உச்ச ஸ்தாயியில் பாடும் பெண்கள் என்ன வார்த்தை பாடுகிறார்கள் என்றே புரியாமல் போவதற்கு இதுதான் காரணம். ஸ்வீடனைச் சேர்ந்த யோஹான் சுண்ட்பெரி போன்ற குரல் ஆய்வாளர்கள் இதை அளந்தே காட்டியிருக்கிறார்கள்.

பீட்டில்ஸ் யார் மாதிரி பாடினாங்க?

உடம்பு மட்டும் காரணம் என்றால் எல்லாரும் வாடையே இல்லாத ஒரு நடுவாந்திர உச்சரிப்பில்தான் பாடணும். அப்படி நடப்பதில்லை. இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுக நகரத்துப் பசங்களான பீட்டில்ஸ், ஆரம்பத்தில் அமெரிக்க வாடையோடு பாடினார்கள். மொழியியலாளர் பீட்டர் டிரட்கில் 1983-ல் வெளியான ஒரு கட்டுரையில் இதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தார். ராக் இசை அமெரிக்காவிலிருந்து, குறிப்பாகக் கறுப்பின மக்களிடமிருந்தும் தென் மாநிலங்களிலிருந்தும் வந்தது. அதைப் பாடணும் என்றால் அவர்களைப் போலப் பாடணும் என்று பிரிட்டிஷ் பாடகர்கள் நினைத்தார்கள். பீட்டில்ஸுக்குச் சொந்தப் புகழ் கூடக் கூட, அவர்கள் பாட்டில் அமெரிக்க 'ர்' ஒலி வருஷா வருஷம் குறைந்துகொண்டே வந்தது. அப்புறம் 1970-களின் பங்க் பாடகர்கள் வந்து, லண்டன் தெரு உச்சரிப்பை வேண்டுமென்றே தூக்கிப்பிடித்தார்கள்.

இதைவிட எனக்குச் சுவாரஸ்யமாகப் படுவது நியூசிலாந்துக் கதை. ஆண்டி கிப்சன் என்ற ஆய்வாளர், அந்நாட்டுப் பாடகர்கள் சிலரை அவர்களுடைய சொந்த வரிகளையே பேசவும் பாடவும் வைத்து உயிரெழுத்துகளை ஒப்பிட்டார். பேசும்போது நியூசிலாந்து. பாடும்போது அமெரிக்கா. அது ஸ்டைல் காட்டுவதற்காகப் போடுகிற வேஷமும் இல்லை. பாப் பாட்டு என்றாலே வாய் தானாகப் போய் உட்காருகிற இடம் அது. சொந்த உச்சரிப்பில் பாடுவதற்குத்தான் மெனக்கெடணும் என்பதுதான் அந்த ஆராய்ச்சி சொல்கிற விஷயம்.

இதை மனசுல வச்சுக்கிட்டு நம்ம ஊருக்கு வாங்க.

ஸ்டூடியோ ஊர்த் தமிழ்

நமக்கு அந்த 'தானாகப் போய் உட்காருகிற இடம்' சினிமா ஒலிப்பதிவுக் கூடம். தமிழ் உச்சரிப்புக்கே உதாரணமாகச் சொல்லப்படுகிற டி.எம்.சௌந்தரராஜனின் தாய்மொழி சௌராஷ்டிரம். பி.சுசீலா விஜயநகரத்துக்காரர். எஸ்.ஜானகி குண்டூர் பக்கம். எஸ்.பி.பாலசுப்ரமணியத்தின் தாய்மொழி தெலுங்கு. கே.ஜே.யேசுதாஸும் சித்ராவும் மலையாளிகள். இத்தனை பேர் வீட்டில் வேறு வேறு மொழி பேசினாலும், பாட்டில் ஒரே தமிழ்தான். அந்தத் தமிழ் மதுரையிலும் இல்லை, தஞ்சாவூரிலும் இல்லை. மைக்குக்கு முன்னாடி மட்டும் இருக்கிற ஓர் ஊர்.

கர்னாடக மேடையும் அப்படித்தான். வீட்டில் 'ஆத்துல', 'வந்துண்டு' என்று பேசுகிறவர்கள் பல்லவியில் அப்படிப் பாடுவதில்லை. திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலில் தேவாரம் பாடும் ஓதுவார் எந்த மாவட்டத்தில் பிறந்தவராக இருந்தாலும், பதிகத்தில் அந்த மாவட்டம் கேட்காது. கலிஃபோர்னியாவில் வளர்ந்த சித் ஸ்ரீராம் ஆங்கிலம் பேசினால் அமெரிக்கர். தமிழில் பாடினால் அம்மாவிடம் கற்ற கர்னாடக சங்கீதம்தான் முன்னால் வந்து நிற்கிறது. அவருடைய தமிழ் உச்சரிப்பைப் பற்றி நெட்டில் நடக்கிற சண்டைக்குள் நாம போக வேணாம்.

ஆக, வீட்டுப் பேச்சில் யாருமே பாடுவதில்லை. அப்போ எல்லாருக்கும் ஒரே நியாயம்தானே என்று கேட்கலாம். இல்லை. ஒரு சின்ன உதாரணம். 'வாழைப்பழம்' என்பதைத் தென்மாவட்டங்களில் பெரும்பாலானவர்கள் 'வாளப்பளம்' என்பார்கள். வடசென்னையில் 'வாயப்பயம்'. ரெண்டு பேருமே 'ழ'வைத் தொலைத்தவர்கள்தான். ஆனால் 'வாளப்பளம்' சொன்னால் மண்மணம், 'வாயப்பயம்' சொன்னால் காமெடி. வேலைக்கான இன்டர்வியூவுக்குப் போகும்போது 'பேச்சை மட்டும் கொஞ்சம் மாத்திக்கோ' என்ற அறிவுரையை அதிகம் கேட்பது யார் என்று தண்டையார்பேட்டையிலோ எர்ணாவூரிலோ இருக்கிற உங்க ஃப்ரெண்டைக் கேட்டுப்பாருங்க.

சினிமாவுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. 'சபாஷ் மீனா'வில் (1958) ரிக்‌ஷாக்காரராக வந்து மெட்ராஸ் பாஷை பேசி அசத்தியவர் ஜே.பி.சந்திரபாபு. அவர் தூத்துக்குடியில் பிறந்து, கொழும்பில் வளர்ந்து, அப்புறம் சென்னைக்கு வந்தவர். கூர்ந்து பார்த்துக் கற்றுக்கொண்ட பாஷை அது. அதே மனிதர்தான் மேற்கத்திய 'யோடலிங்'கைத் தமிழ் சினிமாப் பாட்டுக்குள் கொண்டுவந்தார். உச்சரிப்பு என்பது போட்டுக் கழற்றக்கூடிய சட்டை என்பதை அவர் அளவுக்கு அனுபவித்துக் காட்டியவர்கள் குறைவு. பின்னால் தேங்காய் சீனிவாசன், லூஸ் மோகன் என்று அந்தச் சட்டை கைமாறிக்கொண்டே வந்தது. சட்டை நல்லாத்தான் இருந்தது. ஆனால், காமெடியன் மட்டுமே அதைப் போடலாம் என்று ஆகிப்போனதுதான் சிக்கல்.

கானா அதை எப்படி உடைச்சது?

துறைமுகம், ரயில்வே, மில், மீன்பிடித் தொழில் என்று பிழைப்பு தேடி வந்தவர்கள் சேர்ந்து உருவாக்கிய பகுதி வடசென்னை. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் கிளம்பியது ராயபுரத்திலிருந்துதான். தெலுங்கிலிருந்து 'நைனா', உருதுவிலிருந்து 'நாஷ்டா', 'பேஜார்' என்று வந்தவர்களின் வார்த்தைகளெல்லாம் இந்தப் பேச்சில் தங்கிவிட்டன. அந்த மக்கள், முக்கியமாகத் தலித் மக்கள், தங்கள் வீட்டுச் சாவுக்கும் கல்யாணத்துக்கும் பாடியதுதான் கானா. ஒரு டோலக் போதும். அதுவும் இல்லையா, தட்டுவதற்கு ஏதாவது ஒரு பலகை.

கானாவின் அமைப்பே பேச்சுக்குச் சாதகமானது. பல கானாக்கள் தாளம் இல்லாமல் இழுத்துப் பாடும் தொகையறாவில் தொடங்கும். அங்கே கொஞ்சம் எழுத்துத் தமிழ் எட்டிப் பார்க்கும். தாளம் விழுந்ததும் ஓர் எழுத்துக்கு ஒரு ஸ்வரம் என்று வார்த்தைகள் ஓட ஆரம்பிக்கும். இழுவை இல்லை என்றால் குற்றியலுகரம் பிழைத்துக்கொள்ளும். பேச்சு வேகத்திலேயே மெட்டு ஓடுவதால் ஊர் ராகமும் பாதிக்கு மேல் தப்பிவிடும். அதனால்தான் 'கீது' என்பது மெலடியில் ஒட்டாத மாதிரி இருக்கும், கானாவில் கச்சிதமாக உட்காரும்.

புளியந்தோப்பைச் சேர்ந்த கானா பாலா, சட்டம் படித்தவர். 2012-ல் வந்த 'அட்டகத்தி'க்குப் பிறகு அவர் குரல் தமிழ்நாடு முழுக்கப் போனது. அதற்கு முன்பே, 2006-ல் 'சித்திரம் பேசுதடி'யில் கானா உலகநாதன் பாடிய மீன் பாட்டு கல்யாண மண்டபம் கல்யாண மண்டபமாக ஒலித்தது. இவர்கள் பாடும்போது அந்த உச்சரிப்பு காமெடியாக இல்லை. அதை வேறு யாரும் அவர்களுக்காக நடித்துக் காட்டவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். கானா என்றால் வரிக்கு வரி மெட்ராஸ் பாஷைதான் என்று நினைத்தால் அது சினிமா கற்றுக்கொடுத்த நினைப்பு. 'மெட்ராஸ்' (2014) படத்தில் கானா பாலா எழுதிப் பாடிய சாவுப் பாட்டைக் கேட்டுப்பாருங்கள். இலக்கிய வினைமுற்றுகள் வரிசையாக வந்து நிற்கும். செத்தவருக்கு மரியாதை செய்யும்போது தமிழ் நிமிர்ந்து உட்காருகிறது. கிண்டல் வந்தால் மறுபடி தெருவுக்கு இறங்குகிறது. போலியாக கானா பாடுகிறவர்களைக் கண்டுபிடிக்கவும் இதுதான் வழி. அவர்கள் எல்லா 'ழ'வையும் 'ய' ஆக்குவார்கள், மூச்சுக்கு மூச்சு 'கஸ்மாலம்' போடுவார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு எப்போது இறங்கணும் என்று தெரியும், எப்போது ஏறணும் என்றும் தெரியும்.

2018 ஜனவரியில் பா.இரஞ்சித்தின் முயற்சியில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடை ஏறியபோது, கானாவும் ராப்பும் ராக்கும் ஒன்றாக நின்றன. தமிழ் ராப் பாடுகிற பலருக்கு அமெரிக்க வாடை தானாக வந்துவிடும். 'ட' கொஞ்சம் காற்றோடு வெடிக்கும், 'ர' சுருளும். அதே மேடையில் கானா ஆட்கள் பக்கத்திலேயே நிற்கும்போது அந்த வாடைக்கு வேலை இல்லாமல் போகிறது. அந்தக் குழுவில் பாடிய இசைவாணி ராயபுரத்துப் பெண். ஆண்களே நிறைந்திருந்த கானாவில் அவர் பாட வந்தது எத்தனை பெரிய விஷயம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 'லோக்கலா பேசாத' என்ற அதட்டல் பையன்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகம் விழும். அந்தப் பேச்சில் பாடித்தான் அவர் 2020-ல் பிபிசியின் உலகின் 100 பெண்கள் பட்டியலுக்குப் போனார்.

பு-வா, பொ-வா?

எதிர்த் திசையிலும் ஒரு பயணம் நடந்திருக்கு. 2017 ஜனவரியில் வெளியான 'சென்னை பொறம்போக்கு பாடல்'. எண்ணூர்க் கழிமுகம் ஆக்கிரமிக்கப்படுவதையும், அனல்மின் நிலையச் சாம்பல் அங்கே கொட்டிக் கிடப்பதையும் பற்றியது. எழுதியவர் கபேர் வாசுகி. பாடியவர் கர்னாடக இசைக் கலைஞர் டி.எம்.கிருஷ்ணா. ராகமாலிகை, அதே சமயம் சென்னைப் பேச்சுத் தமிழ். கச்சேரியில் தெலுங்கு, சம்ஸ்கிருதம், இலக்கியத் தமிழ் என்று பாடிப் பழகிய குரல், தெருத் தமிழைக் கமகத்தோடு பாடியது.

அந்தப் பாட்டின் மொத்த உயிரும் ஓர் எழுத்தில் இருக்கிறது. வருவாய்த் துறைக் கணக்கில் 'புறம்போக்கு' என்றால் எந்தத் தனி ஆளுக்கும் சொந்தமில்லாத பொது நிலம். ஏரி, ஓடை, மேய்ச்சல் வெளி எல்லாம் அதில் அடக்கம். தெருவில் 'பொறம்போக்கு' என்றால் வசவு. ஊருக்கே பொதுவான நிலத்தின் பெயர் எப்படித் திட்டு வார்த்தையானது என்பதுதான் பாட்டு எழுப்பும் கேள்வி. அதை 'புறம்போக்கு' என்று சுத்தமாகப் பாடியிருந்தால் அது தாலுகா ஆபீஸ் ஃபைல் மாதிரி இருந்திருக்கும். 'பொ' என்று பாடியதால்தான் கேட்கிறவருக்குச் சுருக்கென்று பட்டது. அந்த மாதமே, ஜனவரி 28-ம் தேதி, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கடலில் கொட்டியது. கடற்கரையில் பக்கெட்டில் எண்ணெயை அள்ளிய படங்களை நீங்களும் பார்த்திருப்பீங்க.

ஆனாலும், பயிற்சி பெற்ற கர்னாடகக் குரல் எவ்வளவு முயன்றாலும் எண்ணூர்க் குப்பத்து ஆள் பாடுவதுபோல ஆகாது. நீண்ட ஸ்வரங்களில் சங்கீதம்தான் ஜெயிக்கிறது. அது குறை என்று நான் சொல்ல மாட்டேன். கச்சேரித் தமிழும் தெருத் தமிழும் உரசிக்கொள்ளும் சத்தத்துக்காகவே அதைக் கேட்கலாம்.

2011-ல் உலகம் முழுக்கச் சுற்றிய தனுஷின் 'கொலவெறி'யும் இதே குடும்பம்தான். ஆங்கிலச் சொற்களின் வாலில் எல்லாம் நம்ம ஊர் 'உ'வை ஒட்டவைத்த பாட்டு. ஆங்கிலம் பாடினால் அமெரிக்கன் ஆகணும் என்ற வழக்கத்தைத் தலைகீழாக்கியது.

உங்க பேச்சிலேயே பாடணுமா?

ரீல்ஸுக்கோ, காலேஜ் கல்ச்சுரல்ஸுக்கோ சொந்தமா பாட்டு எழுதிப் பாடுறீங்க, உங்க ஏரியா பேச்சு அதில் கேட்கணும் என்று ஆசைப்படுறீங்க என்றால், சில விஷயங்கள் கைகொடுக்கும். வரியைப் பேசுகிற மாதிரியே எழுதுங்கள். போன் நோட்ஸில் 'இருக்கிறது' என்று எழுதிவிட்டு 'கீது' என்று பாட முயன்றால், கண் பார்ப்பதைத்தான் நாக்கு பாடும். பாடுவதற்கு முன் தாளம் மட்டும் தட்டி, மெட்டு இல்லாமல் நாலு தடவை சொல்லிப் பாருங்கள். சுருதியைக் கொஞ்சம் இறக்கி, நீங்க பேசுகிற உயரத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். முக்கியமாக, இழுவையை எங்கே வைக்கிறீங்க என்று பாருங்கள். 'கீது' என்று வரி முடிந்தால் 'கீ'யில் இழுத்துவிட்டு 'து'வைச் சட்டென்று விட்டுடணும். 'து'வில் இழுத்தீங்கன்னா, அது மறுபடியும் ஸ்டூடியோவுக்கே போயிடும்.